கன்ட்ரோல்+பி அழுத்தினால் ஃபயர்பாக்ஸ் முழுதாக மூடிக்கொள்கிறது, என்டிடிஎல்எல்தான் காரணமா?

கணக்கர்:
விண்டோஸ் 11, ஃபயர்பாக்ஸ் புதிய பதிப்பு. எந்தப் பக்கத்தில் பிரின்ட் எடுக்க கன்ட்ரோல்+பி அழுத்தினாலும் டேப் மட்டுமல்ல, பிரௌசரே காணாமல் போகிறது. ட்ரபிள்ஷூட் மோடில் திறந்து பார்த்தாயிற்று, அழித்துவிட்டுப் புதிதாகவும் போட்டாயிற்று, அதே கதைதான். ஈவன்ட் வியூவரில் ஃபால்டிங் மாட்யூல் (விழுந்த இடம்) என்டிடிஎல்எல் என்ற விண்டோஸின் சொந்த ஃபைல், எக்செப்ஷன் கோட் சி0000374 என்று காட்டுகிறது. விண்டோஸையே திரும்பப் போடச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

ஆந்தை:
விண்டோஸில் கை வைக்காதீர்கள். சி0000374 என்றால் ஹீப் கரப்ஷன், அதாவது ப்ரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி (ஹீப்) கெட்டுப்போயிருக்கிறது. யாரோ தனக்கு ஒதுக்கிய மெமரியைத் தாண்டி எழுதியதை என்டிடிஎல்எல் கண்டுபிடித்து ப்ராசஸை நிறுத்தியிருக்கிறது, அதைக் குற்றவாளி என்பது புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே வைப்பது மாதிரி. இன்னொன்று, ஃபயர்பாக்ஸ் தன் சொந்த மெமரிக்குப் பெரும்பாலும் மோஸ்ஜேஇமாலாக் என்ற அலோகேட்டரைத்தான் (மெமரியைப் பங்கிட்டுக் கொடுப்பது) பயன்படுத்துகிறது, விண்டோஸ் ஹீப்பை அல்ல. அதனால் இந்தக் கோடு வந்தாலே என் சந்தேகம் வெளியிலிருந்து உள்ளே வந்த டிஎல்எல் (ப்ரோகிராம்கள் ஏற்றிக்கொள்ளும் நிரல் ஃபைல்) மேல்தான் போகும். பிரின்ட் என்கிறீர்கள், அப்புறம் என்ன, பிரின்டர் டிரைவரைப் பாருங்கள். டேப் மட்டும் விழாமல் பிரௌசரே போவதும் அதற்குப் பொருந்துகிறது, ஏனென்றால் டிரைவர் லோடு ஆவது மெயின் ப்ராசஸில்.

விண்டிபக் (மைக்ரோசாஃப்டின் டிபக்கர்) போட்டு, அபவுட்:ப்ராசஸஸ் பக்கத்தில் மெயின் ப்ராசஸின் பிஐடியை (ப்ராசஸ் எண்)க் குறித்துக்கொண்டு அதற்கு அட்டாச் செய்யுங்கள் (டாஸ்க் மேனேஜரில் ஃபயர்பாக்ஸ் என்று ஒரு கூட்டமே நிற்கும், அங்கே தேடினால் தலை சுற்றும்). சிம்பல் பாத்தில் (ஃபங்ஷன் பெயர்களைத் தேடும் இடம்) மைக்ரோசாஃப்ட் சர்வரோடு மொசில்லாவின் சிம்பல் சர்வரையும் சேர்க்காவிட்டால் ஸ்டாக்கில் (எது எதை அழைத்தது என்ற பட்டியல்) வெறும் எண்கள்தான் தெரியும். 'ஜி' கொடுத்து ஓடவிட்டு, கன்ட்ரோல்+பி. நின்றதும் 'கே' கொடுத்தால் ஸ்டாக் வரும். மேலே உள்ள என்டிடிஎல்எல் வரிகளைத் தாண்டி, பெயர் தெரியாத முதல் மாட்யூல் எது என்று பாருங்கள்.

மழைக்காலம்:
ஆந்தை சொல்வது சரி, ஆனால் ஹீப் கெட்டது ஒரு நேரம், பிடிபட்டது வேறு நேரம் என்றால் ஸ்டாக்கிலும் அப்பாவிதான் மாட்டுவான். அப்போது ஜிஃப்ளாக்ஸ் என்ற டூலில் ஃபயர்பாக்ஸுக்கு ஃபுல் பேஜ் ஹீப் ஆன் செய்யுங்கள், தாண்டி எழுதுகிற அந்த வரியிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். மெமரியை வாரி விழுங்கும், வேலை முடிந்ததும் மறக்காமல் ஆஃப் செய்துவிடுங்கள். டம்ப் ஃபைல் (மெமரியின் நகல்) எடுத்தால் இங்கே ஏற்ற வேண்டாம், மெமரியில் கிடந்த பாஸ்வேர்டு, திறந்திருந்த பக்கம் எல்லாம் அதில் இருக்கலாம்.

கணக்கர்:
பேஜ் ஹீப் ஆன் செய்ததும் கையும் களவுமாக மாட்டியது. பழைய பிரின்டர் ஒன்றின் டிரைவர் டிஎல்எல், 'எல்எம்விஎம்' (மாட்யூல் விவரம் காட்டும் கட்டளை) கொடுத்தால் தேதி 2012. அந்த பிரின்டரைத் தூக்கிப் போட்டே வெகு நாளாகிறது! ஆனால் அதை டீஃபால்ட்டிலிருந்து எடுத்த பிறகும் விழுகிறதே?

ஆந்தை:
கடைசியாக அச்சடித்த பிரின்டரை ஃபயர்பாக்ஸ் நினைவில் வைத்திருக்கும். அபவுட்:கான்ஃபிகில் 'பிரின்ட்_பிரின்டர்' என்று தேடி ரீசெட் செய்யுங்கள். அப்புறம் பிரின்ட் சர்வர் ப்ராபர்ட்டீஸில் டிரைவர்ஸ் டேபுக்குப் போய் பேக்கேஜோடு நீக்குங்கள், பிரின்டரை மட்டும் நீக்கினால் டிஎல்எல் அங்கேயே கிடக்கும்.

கணக்கர்:
ரீசெட் செய்ததுமே பிரிவ்யூ வந்துவிட்டது, நன்றி. டிரைவரை நீக்கப் போனால் 'இன் யூஸ்' என்கிறது, ஸ்பூலரை (பிரின்ட் வேலைகளைக் கவனிக்கும் சர்வீஸ்) நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்துப் பார்க்கிறேன்.