மேல்விஷாரம் வீட்டுச் சிவப்புக் கண்ணாடி விளக்கு: திராட்சைக் கொடிக்கு என்ன பொருள்?

பாலாற்றங்கரை:
மேல்விஷாரத்தில் என் நன்னா (தாத்தா) வீட்டுக் கூடத்தில், மூன்று பித்தளைச் சங்கிலிகளில் தொங்கும் மணி வடிவச் சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்று உள்ளது. அதைச் சுற்றித் திராட்சைக் கொடி நிறமின்றிச் செதுக்கப்பட்டிருக்கிறது. மேலே கவிழ்த்த தட்டுப் போன்ற சிறு கண்ணாடி மூடியும் உண்டு. இது ஆற்காட்டு நவாப் அரண்மனைப் பொருள் என்கின்றனர் உறவினர்கள். கொடி இருப்பதால் தேவாலய விளக்கு என்கிறார் ஒரு பழம்பொருள் வியாபாரி. எதை நம்புவது?

கண்ணாடிப் பித்தன்:
வியாபாரிகள் ஹண்டி என்று சொல்லும் வகை இது. உள்ளே கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் ஊற்றி, அதன் மேல் எண்ணெயை மிதக்கவிட்டுத் திரி ஏற்றுவார்கள். புகைக்கரி உத்தரத்தில் படியாமல் தடுப்பதே மேல் மூடியின் வேலை. விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். சிவப்பு மேல்தோலாக மட்டும் படிந்து, அதைச் சக்கரத்தால் சீவிக் கொடி எடுக்கப்பட்டிருந்தால், அது பொஹீமியப் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) பாணி வேலை. அங்கே ஃப்ரீட்ரிக் எகர்மான் செம்பைக் கொண்டு இத்தகைய சிவப்புச் சாயம் ஏற்றும் முறையை உருவாக்கியது 19ஆம் நூற்றாண்டில். நவாப் முகம்மது அலியோ 1768இலேயே சென்னையின் சேப்பாக்கம் அரண்மனைக்குக் குடிபோய்விட்டார். ஆகவே ஆற்காட்டு அரண்மனைக் கதை நிற்காது. (நம் பக்கத்தில் பழைய பொருள் எதுவானாலும் நவாபுடையது, இல்லையென்றால் திப்புவுடையது!)

கோட்டைவாசல், வேலூர்:
தேவாலய வாதமும் வலுவற்றது. நற்கருணையை (அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் கிறிஸ்தவச் சடங்கை) குறிக்கும் திராட்சையோடு பெரும்பாலும் கோதுமைக் கதிரோ கிண்ணமோ சேர்ந்து வரும். தனிக் கொடியோ மதுக் குப்பிகளிலும் கோப்பைகளிலும் சர்வசாதாரணமான அலங்காரம். இவ்விளக்குக்கு ஆழ்ந்த பொருளைத் தந்தது அது தொங்கிய வீடுதான் என்பது என் எண்ணம். குர்ஆனின் 24ஆம் அத்தியாயம், 35ஆம் வசனம், இறைவனின் ஒளியை மாடத்தில் உள்ள விளக்குக்கும், அவ்விளக்கைச் சூழ்ந்த கண்ணாடியை ஒளிரும் விண்மீனுக்கும் உவமிக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்துப் பள்ளிவாசல் விளக்குகள் பலவற்றில் அவ்வசனத்தையே எனாமலால் எழுதினார்கள். உங்கள் விளக்கில் எழுத்து இல்லை. ஆயினும் திரியை ஏற்றினால் சிவப்பு மங்கி நிற்க, செதுக்கிய கொடி மட்டும் வெளிச்சத்தால் வரைந்தது போலத் தெரியும்.

பாலாற்றங்கரை:
விளிம்பைப் பார்த்துவிட்டேன், சிவப்பு வெளிப்புறத்தில் மட்டுமே உள்ளது. புளி போட்டுத் துலக்கலாமா?

கண்ணாடிப் பித்தன்:
கண்ணாடியில் கூடவே கூடாது. சாயம் மேற்பரப்பில்தான் இருக்கிறது, அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். சங்கிலியைத் தனியே கழற்றிப் புளியில் துலக்குங்கள்.