எடைமேடைத் திரை மின்னுகிறது: இம்மெட்ஓகே இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

தராசுக்காரன்
சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடைக்கு என்கர்சஸ் (எழுத்துத் திரையை ஆளும் நிரல் நூலகம்) வைத்து ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். திரையில் மூன்று ஜன்னல்கள். மேலே லோரி எண், தோட்டத்தின் பெயர், எடை என்று ஏழு புலங்கள். எடை நொடிக்கு ஒரு தரம் மாறும். நடுவில் இன்று வந்த லோரிகளின் பட்டியல், 15 வரி. கீழே கிராணி (எழுத்தர்) லோரி எண் தட்டும் ஒற்றை வரி. முனையம் பழையது, சீரியல் கம்பியில் 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகம்.

பட்டியல் நிறைந்ததும் புது வரி விழவில்லை, அதனால் ஸ்க்ரோல்ஓகேயை ட்ரூ ஆக்கினேன். எழுதியதைத் திரைக்கு அனுப்பும் ரெஃப்ரெஷ் எங்காவது விட்டுப்போகும் என்று, எழுதும்போதெல்லாம் அதைத் தானாகச் செய்யும் இம்மெட்ஓகேயை மூன்று ஜன்னலுக்கும் போட்டேன். வேறு ஒரு நிரலின் செய்தி நடுவில் வந்து திரையைக் குழப்புவதால் நொடிக்கு ஒரு தரம் கிளியர்ஓகே. இப்போது திரை ஓயாமல் மின்னுகிறது. கிராணி தட்டிக்கொண்டிருக்கும்போதே கர்சர் எடைப் பக்கம் ஓடிவிடுகிறது. வாசலில் லோரிகள் நிற்கின்றன. எதை எடுக்க வேண்டும்?

மாலைவகுப்பு
தம்பி, கிளியர்ஓகேயை மட்டும் எடுங்கள். அடுத்த ரெஃப்ரெஷில் முழுத் திரையையும் அழித்து முதலிலிருந்து வரை என்பதுதான் அதன் பொருள், மின்னாமல் என்ன செய்யும்? இம்மெட்ஓகே இருக்கட்டும். நான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் நிரல் சொல்லித் தருகிறேன். எழுதியது உடனே திரையில் தெரிந்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வருகிறது. ரெஃப்ரெஷ் மறந்து வெறும் திரையைப் பார்த்து 'எனக்கு வராது சார்' என்று எழுந்து போன பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். கர்சர் ஓடுவதற்கு எடை ஜன்னலில் லீவ்ஓகே ட்ரூ போடுங்கள், போதும்.

பால்மரத்தடி
போதாது. லீவ்ஓகேயைப் பலரும் 'கர்சரை இருந்த இடத்திலேயே விடு' என்று படிக்கிறார்கள். அது சொல்வது வேறு: 'வரைந்து முடித்த இடத்தில் கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேயே விடு'. எடையை வரைந்தால் கர்சர் எடை பக்கத்திலேயே நிற்கும். கிராணியின் வரிக்குத் தானாகத் திரும்பாது. கர்சரே தேவைப்படாத திரைக்குத்தான் அது பொருந்தும்.

கிளியர்ஓகே பற்றிச் சொன்னது சரி. கணக்கையும் பார்த்துவிடுவோம்: 80க்கு 24 என்றால் 1920 எழுத்து. 9600 பாட்டில் ஒரு எழுத்துக்கு 10 பிட் வைத்தால் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். திரை நிறைந்திருந்தால் ஒரு முறை வரையவே 2 நொடி. தம்பி நொடிக்கு ஒரு தரம் அழிக்கச் சொல்கிறார், கம்பி எப்படித் தாங்கும்?

இம்மெட்ஓகேயும் போக வேண்டும் என்பதே என் கருத்து.

மாலைவகுப்பு
அங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரெஃப்ரெஷ் ஒவ்வொன்றும் முழுத் திரையையா அனுப்புகிறது? பழைய திரைக்கும் புதிய திரைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும்தானே அனுப்புகிறது? 1980 வாக்கில் பெர்க்லியில் கென் ஆர்னால்ட் கர்சஸை எழுதிய காலத்திலிருந்தே அந்தச் சிக்கனம் அதில் இருக்கிறது. எடையில் ஓர் இலக்கம் மாறினால் போவது சில பைட்டுகள். அதற்காக ஒரு வசதியை ஏன் பிடுங்க வேண்டும்?

பால்மரத்தடி
வேறுபாடு மட்டும் போகிறது, உண்மைதான். என் கவலை பைட்டுகளைப் பற்றியது இல்லை. மேலே ஏழு புலங்கள். இம்மெட்ஓகே இருந்தால் ஒவ்வொன்றை எழுதும்போதும் தனி ரெஃப்ரெஷ். புது லோரி எண் திரைக்கு வந்துவிட்டது, எடை இன்னும் முந்தைய லோரியுடையது. அந்தக் கணத்தில் கிராணி நிமிர்ந்து பார்த்தால்? எடைமேடையில் அது காசு விஷயம். எடைச் சீட்டை வைத்துத்தான் சிறு தோட்டக்காரருக்குப் பணம் போகிறது. பாதி மாறிய திரையைக் காட்டவே கூடாது.

தம்பி, இப்படிச் செய்யுங்கள். எடை, பட்டியல் இரண்டுக்கும் டபிள்யூநௌட்ரெஃப்ரெஷ்; அது மாற்றத்தைக் குறித்து வைக்கும், திரைக்கு அனுப்பாது. கடைசியாகக் கிராணியின் வரிக்கும் அதுவே. அதில் எதுவும் மாறாவிட்டாலும் செய்யுங்கள், கர்சர் இடத்தைக் கடைசி ஜன்னல்தான் தீர்மானிக்கிறது. அப்புறம் ஒரே ஒரு டூஅப்டேட். எல்லாம் ஒன்றாகத் திரைக்குப் போகும், கர்சரும் கிராணியிடமே நிற்கும். லீவ்ஓகேயைத் தொடவே வேண்டாம்.

பட்டியல் ஜன்னலில் ஸ்க்ரோல்ஓகேயோடு ஐடிஎல்ஓகேயையும் ட்ரூ ஆக்குங்கள். ஸ்க்ரோல்ஓகே ஜன்னலின் உள்ளடக்கத்தை மட்டுமே நகர்த்துகிறது. முனையமே வரியை நகர்த்த வேண்டுமென்றால் ஐடிஎல்ஓகே வேண்டும், இயல்பில் அது அணைந்திருக்கும். இல்லையென்றால் 15 வரியும் மறுபடி எழுதப்படும், 9600இல் ஒரு நொடிக்கு மேலேகூட ஆகலாம். பட்டியல் திரையின் முழு அகலத்துக்கு இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். பக்கத்தில் வேறு ஜன்னல் இருந்தால் அவ்வளவு பயன் இல்லை.

குழப்பும் செய்தியை அது கிளம்பும் இடத்திலேயே ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். ஆபத்துக்கு கண்ட்ரோல்-எல் அழுத்தினால் மட்டும் கர்ஸ்கிரீனில் (இப்போதைய முழுத் திரையைக் குறிக்கும் ஜன்னல்) கிளியர்ஓகே.

தராசுக்காரன்
நேற்று இரவு மாற்றினேன் அண்ணே. மின்னல் போய்விட்டது, கர்சர் கிராணியை விட்டு நகரவில்லை. ஒன்று மட்டும் பாக்கி: பட்டியலுக்குப் போட்ட கட்டமும் வரிகளோடு சேர்ந்து மேலே ஏறிவிடுகிறது. எந்த வரியிலிருந்து எந்த வரி வரை நகரலாம் என்று சொல்லும் செட்ஸ்க்ரெக் போட்டால் சரியாகுமா?

பால்மரத்தடி
செட்ஸ்க்ரெக் மேல் வரி, கீழ் வரி இரண்டையும்தான் காக்கும். புதிதாக வரும் வெற்று வரியில் இடது, வலது கோடுகள் இருக்காது. கட்டத்துக்கு ஒரு ஜன்னல், அதற்குள் டெர்வின் போட்டு எழுத்துக்கு இன்னொன்று; ஸ்க்ரோல்ஓகே உள்ளே உள்ளதற்கு மட்டும்.

மாலைவகுப்பு
எண்ணும் எடையும் ஒன்றாக மாற வேண்டும் என்றது சரியான காரணம், எடைமேடைக்கு நான் விட்டுக்கொடுக்கிறேன். வகுப்பில் முதல் மாதம் இம்மெட்ஓகே இருக்கத்தான் செய்யும். இரண்டாம் மாதம் இந்த ஏழு புலத்தையே பாடமாக வைத்து, அதைப் பிள்ளைகளையே எடுக்கச் சொல்கிறேன்.