வயல் இருப்பிடத்தை மறைத்துத் தரவை வெளியிடுவது எப்படி?

திருவாரூர் மாவட்டச் சம்பா நெல் ஆய்வுத் தரவை அடுத்த மாதம் பொதுவில் வெளியிட வேண்டும். கோபோடூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்புச் செயலியில் வயல் எல்லையோடு விளைச்சல், கடன் விவரமும் பதிந்திருக்கிறோம். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. எல்லையைப் புல வரைபடத்தில் பொருத்தினால் சர்வே எண் கிடைக்கும். அதை வைத்து இணையத்தில் சிட்டா, அதில் உரிமையாளர் பெயர். குத்தகைக்காரர் பெயர் அதில் வராது, ஆனால் ஊரில் கேட்டால் தெரிந்துவிடும்.

ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை) இரண்டு தசமமாகச் சுருக்கிப் பார்த்தோம், சுமார் 1 கி.மீ. கட்டம். அப்புறம் டிஎச்எஸ் (மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு) பாணியில் புள்ளிகளை 5 கி.மீ. வரை நகர்த்தினோம். இரண்டுமே சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் 10 மீட்டர் பிக்சலோடு ஒத்துவரவில்லை. சில புள்ளிகள் வாய்க்காலில் விழுகின்றன!

இப்போது வட்டாரப் பெயரை மட்டும் கொடுத்து, என்டிவிஐ (படத்திலிருந்து கணக்கிடும் பயிர்ப் பசுமைக் குறியீடு) நேரத்தொடரை நாங்களே கணக்கிட்டு இணைக்க யோசனை. அந்தத் தொடரைப் படத்தோடு ஒப்பிட்டே வயலைக் கண்டுபிடித்துவிட முடியாதபடி, மதிப்புகளை எந்த அளவுக்குத் தோராயமாக்க வேண்டும்?