ஏஞ்சல் மீனோடு எந்தக் கூட்ட மீனை விடலாம்?

கேள்வி: தொட்டி 90 செ.மீ. நீளம், சுமார் 160 லிட்டர். இரண்டு ஏஞ்சல், நான்கு கோரிடோரஸ் (அடியில் மேயும் சிறு கெளுத்தி) இருக்கின்றன. நடுவில் கூட்டமாக நீந்த நியான் டெட்ரா விடலாமா, டைகர் பார்ப் விடலாமா?

பதில் 1: இரண்டுமே வேண்டாம். ஏஞ்சலின் தொங்கும் துடுப்பைப் பார்த்தால் டைகர் பார்ப் கடிக்காமல் விடாது. நியானோ, வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்குள் அடங்கிவிடும். பகலில் சாதுவாகத் திரியும் ஏஞ்சல்கூட விளக்கு அணைந்ததும் வேட்டையாடும்.

என் தேர்வு ரம்மிநோஸ் டெட்ரா. 5 செ.மீ. வரை வளரும், ஏஞ்சலுக்கு ஏற்ற 26 டிகிரி வெப்பம் அதற்கும் ஒத்துப்போகும். பத்துப் பன்னிரண்டாவது விடுங்கள். ஒன்று திரும்பினால் மொத்தக் கூட்டமும் திரும்புகிற அழகு அப்போதுதான் தெரியும். தண்ணீரின் தரம் கெட்டால் மூக்குச் சிவப்பு வெளிறிவிடும், அதைத் தினமும் கவனியுங்கள். புதுத் தொட்டி இதற்கு ஆகாது.

பதில் 2: ஹார்லிகுவின் ராஸ்போராவும் நல்ல தேர்வு. உடம்பு உயரம் என்பதால் விழுங்குவது கடினம், ரம்மிநோஸைவிடத் தாக்குப்பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்: தொட்டி வைத்து ஓராண்டு ஆகிறது. அப்படியானால் ரம்மிநோஸே வாங்குகிறேன். மொத்தமாக விடலாமா?

பதில் 1: முதலில் தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள், வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் மொத்தமாகவே மாற்றுங்கள். கோரிடோரஸும் கூட்ட மீன்தான், நான்கு போதாது. அதே இனத்தில் இன்னும் இரண்டாவது சேருங்கள்.