கடையில் என் முறை வந்தபோது

சனிக்கிழமை காலை முறை பார்ப்பவர்:

போன வாரக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்ததும் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஆறு வருசக் கணக்கு பைசா சுத்தமா இருக்கு. ஆறு வருசமா வந்து போன மனுசங்களப் பத்தி ஒரு வரிகூட எங்கேயும் இல்லையே?" அதனால்தான் இதை ஆரம்பிக்கிறேன். கடையில் உங்கள் முறை வந்த நாளில் நடந்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள். நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வரி. திருச்சி உறையூரில் ஒரு வீட்டில் கார் நிறுத்தும் இடம்தான் நம் கடை. சனி, ஞாயிறு மட்டும் திறப்போம். 60-க்கு மேற்பட்ட குடும்பங்கள் தலைக்கு 1,000 ரூபாய் பங்கு போட்டிருக்கிறோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் மாதம் ஒரு தடவை மூன்று மணி நேரம் வந்து நிற்க வேண்டும். சம்பளம் யாருக்கும் கிடையாது. துறையூர், தொட்டியம், லால்குடி பக்கத்து விவசாயிகள் மருந்தடிக்காமல் விளைந்ததைக் கொடுக்கிறார்கள்.

என் கதை முதல் வருடத்தில், ஆடி மாதம் நடந்தது. தூயமல்லி அரிசி ஐந்து கிலோ வாங்கிப் போன அம்மா ஒருவர் மறுவாரமே பையோடு வந்து நின்றார். பிரித்தால் வண்டு ஊர்கிறது. எங்களிடம் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பழகிய பதில். "மருந்து போடாத அரிசிம்மா. வண்டு வருதுன்னா நல்ல அரிசின்னு அர்த்தம்" என்றேன்.

அந்த அம்மா நிதானமாகக் கேட்டார்: "சரி தம்பி. அப்போ வண்டையும் சேர்த்துத்தான் எடை போட்டீங்களா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர் ஒரு முறம் கேட்டார். கடையில் முறம் இல்லை. அரிசிக் கடை நடத்துகிறோம், முறம் இல்லை! சாயங்காலம் வீட்டிலிருந்து தன் முறத்தை எடுத்து வந்து, தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பிரித்திருந்த மூட்டை முழுவதையும் புடைத்துக் கொடுத்தார். கை வேலையில் இருக்க, வாய் பாடம் நடத்தியது. கொளுத்துகிற வெயிலில் அரிசியைக் காயப்போட்டால் விண்டு நொய்யாகிவிடும், நிழலில் உலர்த்த வேண்டும். வேப்பிலையைச் சருகாகக் காயவைத்த பிறகுதான் போட வேண்டும், பச்சையாகப் போட்டால் ஈரம் கட்டி இன்னும் மோசமாகும். கடைசியாக, "மூணு மாசச் சரக்கை ஒரே தடவையா வாங்கி அடுக்கினா வண்டு வராம என்ன செய்யும்?"

அதற்குப் பிறகு பதினைந்து நாள் சரக்குக்கு மேல் வைப்பதில்லை. வண்டு இன்னும் எப்போதாவது வரத்தான் செய்கிறது. மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பழைய பதிலை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

கல்லாவும் கணக்கும் பார்ப்பவர்:

நான் வங்கியில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். நம் கடையில் ரொக்கம் எப்போதும் சரியாக இருக்கும், சரக்குதான் இடிக்கும். 50 கிலோ மூட்டை பிரித்தால் பில்லில் 48 கிலோ சொச்சம்தான் விற்றதாக இருக்கும். சாக்கு எடை, ஈரம் காய்வது, சிந்துவது எல்லாம் கழித்த பிறகும் மூட்டைக்கு ஒரு கிலோ எங்கே போகிறதென்று பிடிபடவில்லை. எலி என்றார்கள். தராசில் கோளாறு என்றார்கள். தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட்டுத்தான் வைத்திருக்கிறோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு மூன்று பேருடைய முகம்கூட என் மனதில் வந்து போனது.

ஒரு சனிக்கிழமை மூலையில் ஸ்டூலைப் போட்டுப் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து கவனித்தேன். திருட்டு பிடிபட்டது. எடை 1.000 என்று காட்டிய பிறகு ஒவ்வொருவரும் நான்கு விரல் அள்ளு அரிசியை மேலே போட்டுவிட்டுத்தான் பையைக் கட்டுகிறார்கள். கொசுறு! ஒருத்தர் பாக்கியில்லை. சரியாக எடை போட்டுக் கொடுக்க யாருக்கும் கை வரவில்லை.

கிலோவுக்கு 20 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 ரூபாய்க்கு வாங்கி 80-க்கு விற்றால் மூட்டைக்கு 500 ரூபாய் நிற்க வேண்டும். ஆட்டோ, கரண்ட், பை எல்லாம் அதற்குள்தான். அதில் 80 ரூபாய் விரலிடுக்கில் போய்விடுகிறது.

கூட்டத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். 1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளர்களும் பிற தொழிலாளிகளுமாக 28 பேர் கூட்டுறவுக் கடை திறந்ததிலிருந்து ஆரம்பித்தேன். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி என்று ஐந்தே சரக்கு. கடன் கிடையாது, கலப்படம் கிடையாது, எடை எடைதான். பிறகு 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி கூட்டுறவுப் பண்டகசாலைக்கு வந்தேன். எடை குறையவும் கூடாது, கூடவும் கூடாது என்று முடிக்கப் போனபோது ஒரு பாட்டி குறுக்கே புகுந்தார்: "சார், கொசுறு போடாத கடைன்னா நான் சூப்பர் மார்க்கெட்டுக்கே போயிடுறேன். அங்கே ஏசியாவது இருக்கு."

கடைசியில் ஒரு உடன்பாடு. அரிசி, பருப்பு கறாராக. கறிவேப்பிலை, கொத்தமல்லியில் தாராளம். இப்போதும் மூட்டைக்கு 300 கிராம் குறைகிறது. யார் முறையில் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

கல்லூரி மாணவர், ஞாயிறு முறை:

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு நடத்தும் உணவுத் திருவிழாவில் கருப்புக் கவுனிக் கஞ்சி என் பொறுப்பு. பட்டியலில் "ஊற வைக்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தது. வீட்டில் அம்மா பொன்னி அரிசியை அரைமணி நேரம் ஊறவைப்பார், நானும் அப்படியே செய்தேன். கவுனி ராத்திரி முழுக்க ஊற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்து கிலோவில் பாதியைக் காலை ஆறு மணிக்கு அண்டாவில் ஏற்றினேன். எட்டரைக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அண்டாத் தண்ணீர் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் கொதிக்கிறது, அரிசி கூழாங்கல் மாதிரி கிடக்கிறது. டோக்கன் வாங்கியவர்கள் தொன்னையோடு வரிசையில். ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நெல் விற்க வந்திருந்த லால்குடி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "மீதி அரிசி எங்கே?" என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, மாவு மில் திறக்கவில்லை. பக்கத்து இரண்டு வீட்டு மிக்ஸியை வாங்கி, மீதி ஐந்து கிலோவை வறுத்து ரவையாக உடைத்தோம். உடைத்த கவுனி அரைமணி நேரத்தில் வெந்துவிட்டது. வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, ஒன்பதே காலுக்கு முதல் தொன்னை கைமாறியது. ஒரு மிக்ஸி புகைந்து நின்றுவிட்டது. அந்த வருட விழாக் கணக்கில் "மிக்ஸி காயில் 650" என்று இருக்கிறதே, அது நான்தான்.

அண்டாவில் கிடந்த முதல் பாதி சிறுதீயில் மதியம் வரை வெந்துகொண்டே இருந்தது. சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் போட்டுக் கிளறிவிட்டார் அக்கா. காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டு விசேஷத்துக் கவுனரிசில்ல? யார் செஞ்சது?" என்றார். எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். நான் மறுக்கவில்லை, அக்கா மன்னிக்க வேண்டும்.

முன்னாள் உறுப்பினர்:

என்னையும் எழுதச் சொன்னார்கள். மேலே இருக்கும் மூன்றையும் படித்தேன், சிரித்தேன். ஆனால் அந்தக் கவுனி அண்டாவைக் கழுவியது யார் என்று தம்பி எழுதவில்லை. நான் கழுவினேன். இன்னும் மூன்று பெண்களும் கூட இருந்தார்கள்.

முன்பக்கம் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் படத்துக்கு மாலை போட்டுவிட்டு மண்ணையும் நுண்ணுயிரையும் பற்றி ஒன்றரை மணி நேரம் பேச்சு. பின்பக்கம் குழாயடியில் நாங்கள் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து அடிப்பிடித்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். விழாவில் ரசாயன சோப்பு கூடாது என்று தீர்மானம் போட்டவர்கள் எல்லாரும் மேடையில் இருந்தார்கள். தீர்மானம் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் சாம்பல் பிடித்த கை யாருடையது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

அந்த வருடம் முறைப் பட்டியலில் என் பெயர் 12 இடத்தில் இருந்தது. நான் நின்றது 31 தடவை. யாராவது வரமாட்டார், "அக்கா, நீங்கதானே பக்கத்துல இருக்கீங்க" என்று போன் வரும். பக்கத்தில் வீடு இருந்தது என் குற்றம். சண்டை போட்டு விலகவில்லை. ஒரு சனிக்கிழமை போன் அடித்தது, எடுக்கவில்லை, அவ்வளவுதான். அரிசி மட்டும் இன்றும் லால்குடியிலிருந்து நேராக வாங்கிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை முறை பார்ப்பவர்:

அக்கா எழுதியது அத்தனையும் உண்மை. மேடையில் இருந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது விழாப் பட்டியலில் கழுவும் வேலைக்குத் தனிக் கட்டம் உண்டு. அதைத்தான் முதலில் நிரப்புகிறோம், பேச்சாளர் பெயர் அப்புறம்தான். ஒரு வருடம் அந்தக் கட்டத்தில் பெயரே விழவில்லை, விழாவை நடத்தவில்லை. இது அக்காவுக்குத் தெரிந்திருக்காது.

துறையூர்ப் பக்கத்து விவசாயி (அப்பா சொல்ல மகள் எழுதுகிறேன்):

கடையோடு நான் பேசிவைத்திருந்த தக்காளி விலை வருடம் முழுவதும் கிலோ 35 ரூபாய். ஏறினாலும் இறங்கினாலும் அதுதான். 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். வாரம் நான்கு பெட்டி அனுப்புகிறவன், அந்த மாதம் இரண்டுதான் அனுப்பினேன். கேட்டபோது இலைச்சுருட்டை நோய் என்று சொன்னேன். முழுப் பொய்யும் இல்லை, இரண்டு பாத்தியில் இருந்தது. மீதித் தக்காளி காந்தி மார்க்கெட்டுக்குப் போனது. நாலு வருடமாக அடைபடாமல் இருந்த ஒரு கடன் அந்த மாதத்தில்தான் அடைந்தது.

மூன்றாவது வாரம் கடையிலிருந்து இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். செடிக்கு நோய் என்றேனே, ஒத்தாசை செய்யலாம் என்று பஞ்சகவ்யக் கேனும் கட்டுச்சோறுமாக வந்திருக்கிறார்கள். களத்தில் பறித்த காய் ஏழு பெட்டி அடுக்கியிருக்கிறது. மறைக்க நேரமில்லை. பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. நோய் இருந்த இரண்டு பாத்திக்கும் என்னோடு சேர்ந்து தெளித்தார்கள். பூவரச மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

கிளம்பும்போதுதான் ஒருவர் சொன்னார்: "அண்ணே, ரெண்டு பெட்டியே வரட்டும். விலையை மட்டும் ஒரு தடவை உட்காந்து பேசிக்கலாமா?"

பேசினோம். சந்தையில் எவ்வளவு இறங்கினாலும் எனக்கு 25 ரூபாய்க்குக் குறையாது. 25-க்கு மேல் ஏறினால் ஏற்றத்தில் பாதி எனக்கு. சந்தை 100 தொட்டால் எனக்கு 62 ரூபாய் சொச்சம் வரும். அதன் பிறகு இலைச்சுருட்டை வந்தால் வந்ததென்று சொல்கிறேன்.

ஞாயிறு மாலை முறை பார்ப்பவர்:

அண்ணன் சொன்னபிறகு நானும் சொல்லிவிடுகிறேன். தென்னூர் உழவர் சந்தையில் தக்காளி 12 ரூபாய்க்கு வந்த மாதத்தில் நான் அங்கேதான் வாங்கினேன். நம் கடையில் 25. மாலை முறையில் நின்று, விற்காமல் தேங்கி அழுகிய தக்காளியைப் பொறுக்கி உரக்குழிக்கு ஒதுக்கியதும் நான்தான். "நம்ம ஆளுங்களே வாங்க மாட்டேங்கறாங்க" என்று அப்போது அலுத்துக்கொள்ளவும் செய்தேன். வீட்டு ஃபிரிட்ஜில் இரண்டு கிலோ உட்கார்ந்திருந்தது.

கல்லாவும் கணக்கும் பார்ப்பவர்:

இன்னொன்று நினைவுக்கு வந்தது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நம்மிடம் நெல் கொடுத்தவர்களில் சிலருடைய விதை அங்கிருந்து வந்ததுதான். அதைப் பார்த்து நாமும் மாடித்தோட்டக்காரர்களுக்கு ஆளுக்குப் பத்து காய்கறி விதை கொடுத்து, இருபதாகத் திருப்பித் தரச் சொன்னோம். வாங்கியவர்கள் 46. திருப்பியவர்கள் 7. வங்கியில் இருந்திருந்தால் என்னை வேலையை விட்டே தூக்கியிருப்பார்கள். இதோடு நிறுத்திவிடலாம் என்று நோட்டை மூடி வைத்தேன்.

மூடிய மறுவாரம், கடை சாத்தும் நேரத்துக்கு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தைல டப்பாவோடு வந்தான். அவரை விதை. எண்ணினேன், 19 இருந்தது. "ஒண்ணை எறும்பு இழுத்துட்டுப் போயிடுச்சு தாத்தா, எழுதி வச்சுக்கோங்க" என்றான்.

நோட்டில் அவன் பெயருக்கு நேரே "பாக்கி 1" என்று எழுதினேன். எட்டிப் பார்த்துச் சரி என்று தலையாட்டிவிட்டு, பத்து வெண்டை விதை வாங்கிக்கொண்டு போனான்.