கடல் உயிரிகளிலிருந்து அழற்சிக்கு மருந்து: எந்த அளவுக்கு நம்பலாம்?

செம்பூர்வாசி:
என் தாயாருக்கு மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் இருக்கிறது; மருத்துவர் சொன்னபடி வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொள்கிறார். மாட்டுங்காவில் இருக்கும் சித்தி, பச்சைச் சிப்பிச் சாறு அடைத்த கேப்சூலையும் மீன் எண்ணெயையும் வாங்கிக் கொடுத்து, இவற்றைத் தொடர்ந்து சாப்பிட்டால் ஆங்கில மருந்தை நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கடல் உயிரிகளிலிருந்து எடுக்கப்படும் பொருள்களுக்கு வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் ஆற்றல் உண்மையிலேயே உண்டா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வெர்சோவா ஆய்வு மாணவி:
ஆற்றல் உண்டு, ஆனால் ஆய்வகத் தட்டில் தெரியும் ஆற்றலுக்கும் மருந்துக்கடையில் கிடைக்கும் மருந்துக்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. பலாவு தீவுப் பகுதியில் எடுத்த கடற்பஞ்சு ஒன்றிலிருந்து பிரிக்கப்பட்டு 1980இல் அறிவிக்கப்பட்ட மனோலைடு என்னும் வேதிப்பொருள், அழற்சியைத் தூண்டும் அராக்கிடோனிக் அமிலத்தைச் செல் சவ்விலிருந்து விடுவிக்கும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதியை மீள முடியாதபடி முடக்குகிறது. சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கான மருந்தாக மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை சென்ற அது, பூசியபோது தோலுக்குள் போதிய அளவு ஊடுருவாததால் அங்கேயே நின்றுபோய், இன்று ஆய்வகக் கருவியாகவே பயன்படுகிறது. கரீபியன் கடலின் சாட்டைப் பவளம் தரும் சூடோப்டெரோசின் என்னும் வேதிப்பொருள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. அதுவும் முகப்பூச்சுக்குள்தான் இடம்பிடித்தது, மருந்துச் சீட்டில் அல்ல. ஒப்புதல் பெற்ற கடல்வழி மருந்துகளில் பெரும்பாலானவை புற்றுநோய்க்கானவை. கூம்பு நத்தையின் நஞ்சைப் பார்த்து உருவாக்கப்பட்டு 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகோனோடைடு கடுமையான வலிக்கானது என்றாலும், அது தண்டுவட நீருக்குள் செலுத்தப்படுவது. அழற்சியைத் தணிப்பதும் அன்று.

பச்சைச் சிப்பியைப் பொறுத்தவரை, நியூசிலாந்து இனத்தை வைத்து நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளையே தந்துள்ளன. நம் கடற்கரை இனத்திலிருந்து கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சாற்றை உருவாக்கியிருக்கிறது. அதுவும் ஊட்டப்பொருளாக விற்கப்படுவதே தவிர, முடக்குவாத மருந்துக்கு மாற்று அல்ல. மெத்தோட்ரெக்சேட் வலியை மட்டும் குறைப்பதில்லை, மூட்டு அரிக்கப்படுவதையும் தாமதப்படுத்துகிறது. அதை நிறுத்திய பிறகு அரிக்கப்பட்டுப்போகும் எலும்பை எந்தச் சிப்பியும் திருப்பித் தராது. சித்தியின் அன்பை மறுக்க வேண்டாம், அவருடைய அறிவுரையை மறுத்துவிடுங்கள்.

சயான் மருந்தாளுநர்:
மீன் எண்ணெய்க்குச் சான்று சற்று வலுவாக இருக்கிறது. ஆனால் முடக்குவாதச் சோதனைகளில் பயன் தெரிந்தது, ஈபிஏ, டிஹெச்ஏ என்னும் இரு கொழுப்பமிலங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் கிடைத்தபோதுதான். புட்டியின் முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஈபிஏ 180, டிஹெச்ஏ 120 என்றுதான் இருக்கும். அந்தக் கணக்கில் நாளுக்குப் பத்து கேப்சூல் விழுங்க வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களும், இறால், சிப்பி ஒவ்வாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

செம்பூர்வாசி:
இருவருக்கும் நன்றி. புட்டியைப் பார்த்தேன், 180, 120 என்றேதான் இருக்கிறது. தூத்துக்குடி உறவினர் ஒருவர் உலர்ந்த கடல் அட்டை அனுப்புவதாகவும் சொல்கிறார். அதையாவது கொடுத்துப் பார்க்கலாமா?

வெர்சோவா ஆய்வு மாணவி:
வேண்டவே வேண்டாம். கடல் அட்டையில் உள்ள சப்போனின் என்னும் வேதிப்பொருள்களும் சல்பேட் ஏறிய சர்க்கரைத் தொடர்களும் செல்களிலும் எலிகளிலும் அழற்சியைத் தணிப்பதாகக் கட்டுரைகள் ஏராளமாக வந்திருந்தாலும், வீட்டில் உலர்த்திப் பொடித்ததில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமாக, 2001 முதல் இந்தியாவில் கடல் அட்டை இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; அவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் அனுப்புவதும் தண்டனைக்குரிய குற்றம் என்பதை உறவினரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.