ராயக்கோட்டைப் பக்கம் ஒரு வெள்ளைக் குருவி: என்ன பறவை இது?

மாந்தோப்பு:
வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம், ராயக்கோட்டைக்குச் சற்றுத் தள்ளி எங்கள் மாந்தோப்பு. நாலு நாளாகக் காலை ஆறரை மணிவாக்கில் ஒரு வெள்ளைக் குருவி வருகிறது. துவைத்துத் துவைத்து மங்கின வேட்டி மாதிரி வெள்ளை. தலையில் மட்டும் மை தெறித்தாற்போல இரண்டு மூன்று கருப்பு இறகு. சிட்டுக்குருவியைவிடப் பெரியது, மைனாவைவிடச் சிறியது. நன்றாகப் பாடுகிறது. போனில் எடுத்த படமெல்லாம் வெறும் வெள்ளைப் புள்ளி. பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியில் போட்டால் தடவைக்கு ஒரு பெயர் சொல்கிறது. அம்மா மட்டும், லட்சுமி வந்திருக்கிறாள், சோறு வை என்கிறார். யாருக்காவது தெரியுமா?

தொப்பூர்க்காரன்:
அரசவால் ஈப்பிடிப்பான் ஆண். வெள்ளை உடம்பு, ரிப்பன் மாதிரி வால். குளிர்காலத்தில் நம் பக்கம் வரும்.

மாந்தோப்பு:
இல்லைங்க, அதற்குத் தலை முழுக்கக் கருப்பாச்சே. இதன் வால் சாதாரண நீளம்தான்.

ஓசூர் மாடிவீடு:
யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பித்த பறவையாக இருக்கும். வெள்ளை ஃபிஞ்ச் விற்கிறார்களே.

பென்னாகரத்தான்:
ஃபிஞ்ச் என்றால் அலகு கூம்பு மாதிரி தடித்திருக்கும். அதைப் பாருங்கள். தம்பி, கொஞ்ச நேரம் நிறத்தை மறந்துவிடுங்கள். உங்களைக் குழப்புவதே அதுதான். யாரோடு வருகிறது, என்ன தின்கிறது, கொண்டை உண்டா, கண் கருப்பா சிவப்பா? முக்கியமாக, வாலுக்கு அடியில் என்ன நிறம்? நாளைக்குப் பார்த்துச் சொல்லுங்கள். அப்படியே அது பாடும்போது மெர்லினில் குரலையும் பதிவு செய்யுங்கள். குரலுக்கு வெள்ளை, கருப்பு கிடையாது.

மாந்தோப்பு:
பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பைனாகுலர் வாங்கிப் பார்த்தேன் அண்ணா. அலகு ஒல்லி. கண் கருப்பு, கால் ரோஸ். உச்சியில் சின்னக் கொண்டை. கூடவே இரண்டு கொண்டைக்குருவி. மூன்றும் சேர்ந்து உண்ணிச்செடிப் பழம் தின்கின்றன. வாலைத் தூக்கினபோது அடியில் குங்குமம் வைத்த மாதிரி சிவப்பு! குரலைப் போட்டதும் செயலியும் கொண்டைக்குருவி என்றுதான் காட்டுகிறது.

பென்னாகரத்தான்:
அப்புறம் என்ன, அதேதான். சிலர் சின்னான் என்பார்கள். இறகின் கருப்பும் பழுப்பும் மெலனின் என்ற நிறமியால் வருபவை. அது இறகில் முழுதாகவோ ஓரளவோ படியாமல் போவதை லூசிசம் என்கிறார்கள். வாலடிச் சிவப்பு வேறு வகை நிறமி, கரோட்டினாய்டு. தின்னும் தீனியிலிருந்து கிடைப்பது. அதனால்தான் அது தப்பியது. அல்பினோவாக இருந்தால் கண்ணிலும் மெலனின் இருக்காது, சிவப்பாகத் தெரியும்.

உண்மையைச் சொன்னால், கொண்டை என்று நீங்கள் எழுதியதும் எனக்குச் சின்ன ஏமாற்றம். ராயக்கோட்டை என்றதும் அங்குள்ள பாறைக்குன்றை நினைத்து, கொண்டை இல்லாத மஞ்சள்தொண்டைச் சின்னானாக இருக்குமோ என்று ஆசைப்பட்டேன். தென்னிந்தியப் பாறைக்குன்றுகளின் புதர்களில் மட்டும் வாழும் அரிய பறவை அது. குன்றுப் பக்கம் போனால் ஒரு கண் வையுங்கள்.

மாந்தோப்பு:
இது நோயா அண்ணா? குஞ்சும் வெள்ளையாகத்தான் பொரிக்குமா?

பென்னாகரத்தான்:
பெரும்பாலும் பிறவியிலேயே மரபணுவால் வருவது. வயது, தீனிக் குறைவாலும் இறகு வெளுப்பதுண்டு. அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது கருப்பாக முளைத்தால் தீனிக் குறைவுதான் காரணமாக இருக்கும், குறித்து வையுங்கள். பிறவி வெளுப்பு என்றாலும் குஞ்சு வெள்ளையாகத்தான் இருக்கும் என்று கட்டாயமில்லை. பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்டு தளத்தில் கொண்டைக்குருவி என்றே பதிந்து, குறிப்பில் நிறத்தை எழுதுங்கள். தோப்பு எங்கே என்று மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். பிடித்து வளர்க்கலாமே என்று ஒருவராவது கிளம்புவார். 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

மாந்தோப்பு:
சரி அண்ணா, நன்றி. அம்மாவிடம் சொன்னேன். குங்குமம் வைத்திருக்கிறதே, அப்புறம் லட்சுமி இல்லாமல் யார் என்கிறார். சோற்றுக்குப் பதில் பப்பாளித் துண்டு வைக்க மட்டும் ஒப்புக்கொண்டார். இன்று காலை அதை முதலில் காலி செய்தது அந்த இரண்டு கருப்பும்தான்.